அடுப்பைத் தூக்கி எறிந்த சுருளி

அந்தக் காலத்தில் மாடும் பேசும், மாட்டின் காதுமடலில் ஒட்டியிருக்கிற உண்ணியும் பேசும். கண்ணுக்குத் தெரியாத பொடி உயிர்கள்கூடப் பேசும். கேட்பதற்குத்தான் ஆள் கிடையாது.

மேற்கு மலை அடிவாரத்தில் ஓர் ஊற்று இருந்தது. ஊற்றை ஒட்டிய சேற்றில் ஒருவன் குடியிருந்தான். ஒரு கடுகை ஆயிரமாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ, அதைவிடச் சின்னவன். பிழிந்து போட்ட துணி மாதிரி உடம்பு முறுக்கிக்கொண்டு கிடக்கும். அதனால் பெயர் சுருளி.

ஆள்தான் சின்னவன், அடுப்படி பெரிது. மாவு அரைக்கத் திருகை, எண்ணெய் ஆட்டச் செக்கு, இடிக்க உரல், சாறு காய்ச்ச ஒரு மண்சட்டி, அடுப்புக்கு மூன்று கல், அத்தனையும் சொந்தம். சேற்றில் ஒரு பிடி எடுப்பான், ஊற்றில் ஒரு வாய் மொள்ளுவான். அதை வைத்தே உடம்புக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் ஆக்கிவிடுவான். உப்புக்கென்று ஒருவன் வாசலில் போய் நின்றதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

குறை ஒன்றுதான். ஆக்குவதும் அவன், தின்பதும் அவன். நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் ஆள் இல்லை, வாயில் வைக்க விளங்கவில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை.

அவன் இனத்தில் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. வயிறாரத் தின்று உடம்பு நீண்டால் நடுவில் இற்று இரண்டாகிவிடும். அடுப்படியும் கூடவே இரண்டாகும். திருகைக்குத் திருகை, செக்குக்குச் செக்கு. பாகம் பிரிப்பதில் வாய்ச்சண்டை வராத குடும்பம் உலகத்தில் அது ஒன்றுதான். ஆனால் பிரிந்த பாதி தன் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விடும். அண்ணே என்று கூப்பிடலாம் என்றால், யார் அண்ணன் யார் தம்பி என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

ஒரு தரம் மட்டும் பிரிந்த பாதி போகவில்லை. அன்றைக்கு நல்ல மழை. மழை விட்டதும் கிளம்புகிறேன் என்றது. முனை மழுங்கிக் கட்டையாக இருந்ததால் சுருளி அவனுக்கு மொக்கையன் என்று பெயர் வைத்தான். மழை விட்டது. மொக்கையன் கிளம்பவில்லை. சுருளியும் ஞாபகப்படுத்தவில்லை. ஒரே அடுப்பில் ஒரு நாள் இவன் சமையல், ஒரு நாள் அவன் சமையல் என்று ஓடியது. தின்று முடித்துச் சேற்றில் மல்லாந்து படுத்து, ஊற்று கொப்பளிக்கிற சத்தத்தை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு கிடப்பார்கள். பேச்சுக்கூடக் கிடையாது. பக்கத்தில் ஒரு மூச்சு இருந்தது, அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் சாறு காய்ச்சியது மொக்கையன். சுருளி ஒரு வாய் வைத்துப் பார்த்தான். கழுநீர் மாதிரி இருக்கிறது, உனக்குக் கைப்பக்குவம் வராது என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்று பிற்பாடு எத்தனையோ தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மொக்கையன் எழுந்தான். தின்ற பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான். தன் சட்டியைத் தலையில் ஏற்றினான். போய்விட்டான்.

வைதுவிட்டுப் போயிருந்தால் சுருளிக்கு ஆறியிருக்கும். போகிறவன் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனால் வாயா தேய்ந்துவிடும்? சுருளி தனக்கு ஒரு வேளை ஆக்கினான். அந்தக் கோபத்துக்கு இரண்டு வேளை ஆக்கிப் போட்டான். அவன் இளைத்தான், கோபம் கொழுத்தது.

அந்த ஊற்றோரப் புல்நுனியில் சடைச்சி என்று ஓர் உண்ணி இருந்தாள். எட்டுக் கால்காரி. முன்னங்கால் இரண்டையும் காற்றில் நீட்டிக்கொண்டு, முயலோ மாடோ உரசிப் போகாதா என்று மாதக்கணக்கில் நிற்கிறவள். உண்ணிக்கு ஆயுசுக்கும் மூன்றே சாப்பாடு. குஞ்சாக இருக்கும்போது ஒன்று, வளரும்போது ஒன்று, முட்டையிடுவதற்கு முன்னால் ஒன்று. சடைச்சி முதல் சாப்பாட்டை முடித்து, இரண்டாவதுக்காக நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் தொண்டை காய்ந்துபோனால் மட்டும் புல்லை விட்டு இறங்கி ஈரத்தில் வாய் வைப்பாள். அப்படி இறங்கிய ஒரு மத்தியானம் சேற்றில் சுருளியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"மொக்கையனுக்கு நீ என்ன வேணும்?" என்று கேட்டாள்.

சுருளி தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "யாரு மொக்கையன்?" என்றான்.

"அவன் மூஞ்சிய உன் கழுத்துல வச்சுக்கிட்டு யாருன்னு கேக்குறியே" என்று சடைச்சி சிரித்தாள்.

அப்புறம் அவளாகவே சொன்னாள். மொக்கையன் இப்போது அவள் வயிற்றுக்குள்தான் இருக்கிறானாம். ரத்தம் ருசியான சாப்பாடுதான், ஆனால் ரத்தம் மட்டும் போதாதாம். அதில் இல்லாத ஒரு சத்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் உண்ணிக்குக் கால் தள்ளாடும், முட்டை தங்காது. மொக்கையன் அவன் சட்டியில் காய்ச்சுகிற சாற்றில் அது இருக்கிறதாம். அவனை வேலைக்காரனாக வைக்கவில்லை, உள் அறை கொடுத்து மரியாதையாக வைத்திருக்கிறாளாம். நீயும் அவன் ரத்தம்தானே, ஒத்தையில் கிடந்து என்னத்தைக் கண்டாய், வந்துவிடு என்றாள்.

கழுநீர் என்று சொன்ன அதே சாறு. சுருளிக்கு அது முள்ளாகக் குத்தியது. ஆனாலும் போக முடிவு செய்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மொக்கையன் முதலில் பேச வேண்டும். அவன் வாயால் ஒரு சொல் வந்துவிட்டால் போதும், மறுபடி ஒரே அடுப்பில் உட்கார்ந்து தின்னலாம். மொத்த அடுப்படியையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, சடைச்சி குடித்த தண்ணீரோடு உள்ளே போனான்.

உள் அறையில் மொக்கையன் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஆள் உட்கார்கிற அளவுக்கு நகர்ந்து இடம் விட்டான்.

இடம் விட்டதை வாங்கிக்கொண்டிருக்கலாம். சுருளி சொல்லுக்குக் காத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

சடைச்சிதான் நடுவில் வந்து ஏற்பாடு சொன்னாள். தன் வயிறு சின்ன வயிறு, இரண்டு அடுப்பு எரிந்தால் தாங்காது. இன்றைக்கு மொக்கையன் காய்ச்சட்டும், நீ விறகு தள்ளு. நாளைக்கு நீ காய்ச்சு, அவன் தள்ளட்டும் என்றாள். நியாயமான பேச்சு. சுருளிக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. இவன் கையில் கரண்டி, என் கையில் விறகா என்கிற பாதி.

"நான் விருந்தாளி" என்றான். "விருந்தாளி அடுப்படிக்குள்ள கால் வச்சா வீட்டுக்காரிக்கு இழுக்கு."

விருந்தாளிக்கு எதற்கு இத்தனை தட்டுமுட்டு என்று மொக்கையன் ஒரு பார்வை பார்த்தான். அல்லது பார்த்ததாகச் சுருளிக்குத் தோன்றியது. அந்தச் சமயம் பார்த்துச் சடைச்சிக்கு ஒரு முயல் மாட்டியது. முயலின் காதோரம் அவள் வாயைப் பதித்ததும் வீடு முழுக்க ரத்தம் வெள்ளமாக வந்தது. அரைத்த மாவு அதில் மிதந்தது. ஆட்டிய எண்ணெய் மிதந்தது. சுருளி தன் சாமான்களைச் சடைச்சியின் வாயண்டை கொண்டுபோனான். இந்த வீட்டில் திருகை எதற்கு என்று திருகையை வெளியே தள்ளினான். செக்கு எதற்கு என்று செக்கைத் தள்ளினான். உரலை உருட்டிவிட்டான். ஒவ்வொன்றைத் தள்ளும்போதும் ஓரக்கண்ணால் மொக்கையனைப் பார்த்துக்கொண்டான். கடைசியாகச் சட்டியைத் தூக்கினான்.

அப்போதுதான் மொக்கையன் வாயைத் திறந்தான்.

"டேய், சட்டிய மட்டும் வையிடா."

சுருளி எத்தனை நாளாக ஏங்கிய சொல். முதலில் பேசியது மொக்கையன்தான். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கோபத்துக்கு இத்தனை நாள் சோறு போட்டு வளர்த்தாயிற்று, அது இவன் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. என்னை மன்னித்துக்கொள் என்று சொல்லாமல், எனக்கே புத்தி சொல்கிறானே என்றது.

"இப்பத்தான் வாய் வந்துச்சாக்கும்?" என்றான் சுருளி. சட்டியை எறிந்தான். மூன்று கல்லையும் ஒவ்வொன்றாக எறிந்தான். எல்லாம் முயலின் ரோமத்தில் தட்டி, எங்கேயோ புதரில் போய் விழுந்தன.

முயல் விருந்து நாலு நாளில் முடிந்தது. சடைச்சி உதிர்ந்து தரையில் விழுந்தாள், தோல் உரித்தாள், மறுபடி புல்நுனியில் ஏறிக் கால் நீட்டி நின்றாள். பனிக்காலம் வந்தது. முயலும் வரவில்லை, மாடும் வரவில்லை. வீட்டில் ரத்தம் வற்றிப்போனது. மொக்கையன் மட்டும் அடியில் கிடந்த மிச்சத்தை வழித்துத் தினம் ஒரு சின்னச் சட்டி சாறு காய்ச்சினான். சடைச்சிக்கு ஊற்றினான், தான் குடித்தான், அரைச்சட்டியைச் சுருளி படுத்திருக்கிற பக்கம் நகர்த்தி வைத்தான். எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. அவன்தான் பேச்சு அதிகம் இல்லாதவனாயிற்றே.

சொல்லாத சாப்பாட்டை எப்படித் தொடுவது? சுருளி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாறு அவன் முதுகுப் பக்கம் ஆடை கட்டி, காய்ந்து, வெடித்தது. மறுநாளும் ஒரு அரைச்சட்டி வந்தது. பன்னிரண்டு நாள் வந்தது. பதின்மூன்றாம் நாள் வரவில்லை.

அதற்குமேல் வயிறு கேட்கவில்லை. சடைச்சி பனிக்கு உடம்பு விறைக்காமல் இருக்க, உள்சுவரெல்லாம் ஒரு இனிப்பு நெய்யைப் பூசி வைத்திருந்தாள். சுருளி அதை ஒரு மூலையில் நக்கினான். மறுநாள் இன்னொரு மூலை. ஒரு நாள் விடியலில் சடைச்சி காலை மடக்கப் பார்த்தால் மடங்கவில்லை, இரண்டு கால் விறைத்துப் போயிருந்தது. குனிந்து தன் வயிற்றுக்குள் பார்த்து, சுவரைத் தடவினாள். மூலைகள் மொட்டையாக இருந்தன. சுருளியைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேப்பா" என்றாள்.

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, போ என்று சொல்லவில்லை. விறைத்த காலைத் தேய்த்துக்கொண்டே புல்நுனிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மொக்கையன் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். முதுகுதான் தெரிந்தது. சுருளிக்கு அந்த வீட்டுச் சுவர்கள் நெருங்கிக்கொண்டே வந்த மாதிரி இருந்தது.

பனி விலகியதும் மேய்ச்சலுக்கு ஒரு பசு வந்தது. மயிலை என்று பெயர். வெள்ளையன் என்கிற மேய்ப்பனின் மாடு. புல்லை உரசிக்கொண்டு போனபோது சடைச்சி தொற்றிக்கொண்டு, காதின் மடிப்பில் வாய் பதித்தாள். அது அவளுக்கு மூன்றாவது சாப்பாடு, கடைசிச் சாப்பாடும்கூட. நெய்யைத் திருடிய வெட்கத்தில் சுருளி உள்ளே வந்த ரத்தத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள், அவள் எச்சில் மாட்டின் உடம்புக்குள் இறங்கும்போது, சுருளியும் எச்சிலோடு சேர்ந்து இறங்கிவிட்டான். யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

மயிலையின் உடம்பு பெரிய வீடு. அந்தக் காலத்தில் மாட்டின் உடம்புக்குள் பூட்டு என்பதே கிடையாது. எண்ணெய்க் குடங்கள் வாசலுக்கு வாசல் திறந்தே இருந்தன. மாவு குவிந்து கிடந்தது. இரும்புச் சத்து செம்மண் மாதிரி வழியெல்லாம் இறைந்து கிடந்தது. எடுத்தால் எடுத்துக்கொள், கேட்பாரில்லை. தோலுக்குக் கீழே யாரோ ஊர்கிற மாதிரி இருக்கவும், மயிலை அசைபோடுவதை நிறுத்தினாள்.

"யாருப்பா அது?"

"வழிப்போக்கன், ஆத்தா."

"சாப்பிட்டியாப்பா?"

சுருளி நின்றுவிட்டான். அவன் ஒரு வாய் தின்று நாற்பது நாளைக்கு மேல் ஆகிறது. உடம்பு நூலாக இருந்தது. இல்லை ஆத்தா என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் இல்லை என்றால், ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். உன் சட்டி எங்கே என்று வரும். கல் எங்கே, உரல் எங்கே, கூடப் பிறந்தவன் எங்கே என்று ஒவ்வொன்றாக வரும். ஒரு தெரியாத மாட்டிடம் போய் அத்தனையும் எப்படிச் சொல்வது?

"ஆச்சு ஆத்தா. இப்பத்தான் சாப்பிட்டேன்."

மனிதர்கள் வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவன் ஆச்சு என்பான். வீட்டுக்காரர் இன்னொரு தரம் கேட்பார். வேண்டாம் என்பான். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள். அப்போது, சரி கொஞ்சமாகப் போடுங்கள் என்று உட்கார்வான். பசியும் தீரும், மானமும் நிற்கும். சுருளி அந்த இரண்டாவது கேள்விக்காகக் காத்து நின்றான்.

மாட்டுக்கு அந்த வழக்கம் தெரியாது. மாடு சொன்னதைச் சொன்னபடி நம்புகிற பிறவி. "சரிப்பா, அப்ப ஒரு ஓரமாப் படு" என்று சொல்லிவிட்டு, மயிலை அசைபோடத் தொடங்கினாள்.

அவன் நின்றான். பொழுது சாய்கிற வரைக்கும் நின்றான். வாசலுக்கு வாசல் எண்ணெய் மணத்தது. யாரும் கேட்கவில்லை.

அப்புறம் பக்கத்துக் குடத்தில் கையை விட்டான்.

செக்கு இல்லாதவனுக்கு எண்ணெய் எவ்வளவு இருந்தாலும் போதாது. திருகை இல்லாதவனுக்கு மாவு போதாது. குடித்தான், அள்ளித் தின்றான், எண்ணெயை உடம்பெல்லாம் பூசிக்கொண்டான். தின்ற வேகத்தில் உடம்பு நீண்டு இரண்டானது. இந்தப் பாதியாவது நிற்குமா என்று பார்த்தான். அது அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த குடத்துக்கு ஓடியது. அதன் தலையில் சட்டி இல்லை. சட்டியில்லாதவனின் பாதிக்குச் சட்டி எங்கிருந்து வரும்? இரண்டு நாலாகி, நாலு எட்டாகி, வீடு முழுக்கக் கை வைத்தன. முழங்காலில் வைத்திருந்த நெய்வரைக்கும் போய்விட்டன.

மயிலைக்குக் கால் முட்டி வீங்கியது. எழுந்திருக்க முடியவில்லை. குனிந்து தன் உடம்புக்குள்ளேயே பார்த்தாள்.

"சாப்பிட்டேன்னு சொன்னவன்தானே நீ?" என்றாள். மாட்டுக்கு அவ்வளவு வருத்தம் வரும் என்று அதற்கு முன்னால் யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. ரத்தத்துக்குள் தூங்கிக் கிடந்த காவல்காரர்களை எழுப்பினாள். திருடன் தங்க முடியாதபடி உடம்பு முழுக்க நெருப்பு மூட்டினாள். இறைந்து கிடந்த இரும்பையெல்லாம் துடைத்து எடுத்து, உள்ளறையில் போட்டுப் பூட்டினாள். இரும்பு இல்லாமல் எந்தப் பூச்சி பிழைக்கிறது பார்ப்போம் என்றாள்.

சுருளிக்கு இன்னொரு கோபம் கிடைத்தது. உன் இரும்பை நீயே கட்டிக்கொண்டு அழு, ஜென்மத்துக்கும் அதைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டான். போட்டபடியே இருந்தும் காட்டினான். இரும்பு கிடந்த இடத்தில் யாரும் சீந்தாத கருப்புத் தூசி கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, இரும்பு செய்கிற வேலையை அதை வைத்தே சமாளித்தான். அதில் ஒரு பெருமை. பெருமையைச் சொல்லிக்கொள்ளத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. காவல்காரர்கள் வந்தபோது அவன் உடம்பில் பூசியிருந்த மயிலையின் எண்ணெய் மணத்தது. வீட்டு ஆள் போலிருக்கிறது என்று பாதிப் பேர் தாண்டிப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் வெள்ளையன் வந்து பார்த்தான். மாடு புல்லைத் தொடவில்லை, காது கொதித்தது. மடிப்பைப் புரட்டினான். ஆமணக்குக் கொட்டை மாதிரி உப்பிப்போய்ச் சடைச்சி இருந்தாள்.

"சனியன், நீதானா? வாயில்லா சீவனைப் போட்டு இப்படி வதைக்கிறியே" என்று அவளைப் பிடுங்கினான்.

தான் இல்லை, உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று சடைச்சி காட்டிக் கொடுக்கவில்லை. சுருளிக்குத் தோலுக்கு அடியில் எல்லாம் கேட்டது. நான்தான், அவளை விடு என்று கத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவனுக்கு எப்போதும் வாய் வரைக்கும்தான் வரும். வெள்ளையன் அவளைச் சுண்டிப் புல்லுக்குள் எறிந்தான். அவளோடு மொக்கையனும், மொக்கையனின் சட்டியும், அடுப்பும் போயின.

சடைச்சி பிழைத்தாளா, முட்டையிட்டாளா என்று சுருளிக்குத் தெரியவில்லை. பிற்பாடு மயிலையை வேறு வேறு உண்ணிகள் கடித்தன. ரத்தத்தோடு ரத்தமாக அவன் அவற்றின் வயிற்றுக்குப் போனான், அங்கிருந்து முயலுக்குப் போனான், எலிக்குப் போனான். ஒவ்வொரு உண்ணியின் உள்ளறையிலும் ஒருவன் அடுப்புக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்து சாறு காய்ச்சிக்கொண்டிருப்பான். எல்லா முதுகும் ஒரே மாதிரி இருக்கும். நீ மொக்கையனா என்று கேட்டுவிடலாம். சுருளி வாசலில் கொஞ்சம் நிற்பான், அப்புறம் சுவரோரம் போய் நெய்யைத் தடவிப் பார்ப்பான்.

மனிதர்கள் இன்றைக்கும் உண்ணியைத்தான் வைகிறார்கள். மாடும் அதற்குப் பிறகு தோலுக்குள் வந்தவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. காய்ச்சல் என்றால் முதல் வேலையாக இரும்பைப் பூட்டுகிறது.

அன்று முதல்தான் சுருளியின் வம்சம் தனக்கென்று ஓர் அடுப்பு இல்லாமல், இந்த உடம்பில் எண்ணெய், அந்த உடம்பில் இனிப்பு என்று வீடு வீடாக அலைகிறது. எந்த வீட்டிலும் அதற்கு இலை போட்டதில்லை, எந்த வீட்டிலிருந்தும் அது சாப்பிடாமல் எழுந்ததுமில்லை.